பேருந்துப் பலகையும் நம் வாயும்

ஆரணிக்குத் தொடர்வண்டி இல்லை. ஆரணியின் பெயரைச் சூட்டிக்கொண்ட நிலையம் ஒன்று உண்டு. ஆனால் அஃது ஆரணியில் இல்லை. விழுப்புரத்தையும் காட்பாடியையும் இணைக்கும் இருப்புப்பாதையில், களம்பூரில் நிற்கிறது அது. அதற்கு 'ஆரணி ரோடு' என்று பெயர். வெள்ளையன் வைத்த பெயர். தமிழெழுத்தில் எழுதிவிட்டால் தமிழாகிவிடும் என்று நம்பியவர்கள் அதனை அப்படியே விட்டுவிட்டனர். களம்பூர் மக்கள் தம் ஊரில் இறங்குவதற்கு அயலூரின் பெயரை, அதுவும் அரை ஆங்கிலத்தில், சொல்லிச் சீட்டுக் கேட்கின்றனர். ஆரணி மக்களோ அந்நிலையத்தைக் கண்ணால் காண்பதற்கே பேருந்து ஏறவேண்டியுள்ளது. திண்டிவனத்திலிருந்து நகரிக்குச் செய்யாறு, ஆரணி வழியாகப் புதுப்பாதை என்று 2006ஆம் ஆண்டு முதல் பேசப்படுகிறது. ஆரணியில் இன்னும் ஒரு தண்டவாளமும் பதியவில்லை.

எனவே ஆரணிக்கு எல்லாமும் பேருந்தே. வேலூருக்கும் ஆற்காட்டுக்கும், செய்யாற்றுக்கும் வந்தவாசிக்கும், போளூருக்கும் சேத்துப்பட்டுக்கும் போகும் சாலைகள் கூடும் இடம் இது. பட்டு நெசவும் அரிசி ஆலையும் இவ்வூரின் இரண்டு கைகள். சுற்றியுள்ள சிற்றூர்களில் குழித்தறியில் அமர்ந்து நெய்பவர் நூல் வாங்கவும், நெய்த சேலையைக் கொடுத்துக் கூலி வாங்கவும் ஊருக்குள் வந்தாக வேண்டும். மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, வட்டாட்சியர் அலுவலகம், சந்தை எல்லாவற்றுக்கும் அப்படியே. தானி ஏறும் வாய்ப்பு எல்லார்க்கும் இல்லை. ஆரணிப் பேருந்தைப் பற்றிப் பேசுவது ஆரணி ஏழைகளைப் பற்றிப் பேசுவதாகும். அதனாற்றான் ஒரு தமிழாசிரியன் பேருந்துப் பலகையைப் பற்றி இத்துணை நீளம் எழுதத் துணிகிறேன்.

சென்ற கார்காலத்து மாலை ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். வண்டி எது, யாருடையது என்பது ஈண்டு வேண்டா. அறுபது அகவை கடந்த நெசவாட்டி ஒருவர், பட்டுநூற் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தேவிகாபுரம் பக்கத்துச் சிற்றூருக்குப் போவதற்காக நின்றார். எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பார் என்பது, வந்த வண்டியின் முகப்பை அவர் வாய்விட்டுப் படித்ததிலிருந்து தெரிந்தது. ஊர்ப்பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக மாறி மாறி ஒளிர்ந்தது. வண்டி எவ்வகையினது என்பது மட்டும் ஆங்கில எழுத்தில், கண்ணாடியின் ஒரு மூலையில் ஒட்டப்பட்டிருந்தது. ஏறிவிட்டார். நானும் ஏறினேன். ஊரெல்லை தாண்டியபின் நடத்துநர் வந்து கட்டணம் கேட்டார்.

"இது பொம்பளைங்க வண்டி இல்லியா, கண்ணு?"

"ஏம்மா, எக்சுபிரசுன்னு முன்னாடி எழுதியிருக்குதே, பாக்கலியா?"

"எழுதியிருக்குது கண்ணு. நான் படிக்கிற எழுத்துல எழுதலியே."

நடத்துநர் தீயவர் அல்லர். கூட்டத்தில் நெருக்குண்டு வந்தவர், சிரித்துவிட்டார். ஆயினும் சிரிப்பு கட்டணத்தைக் குறைக்காது. அம்மையார் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். நான் கொடுக்க முன்வந்தபொழுது வேண்டா என்று தலையசைத்துவிட்டார். அதனினும் பெரிய இடர் பின்னர் வந்தது. விரைவு வண்டியாதலால் அது அவருடைய சிற்றூரில் நிற்காது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, இருட்டில், நூற்பையோடு திரும்பி நடந்தார். மூன்று ஆங்கிலப் பட்டங்களைக் கொண்டு எழுதப்பட்ட பலகையன்று அது, ஒரேயொரு சொல். அந்தச் சொல் 'விரைவு' என்று இருந்திருந்தால் அவர் ஏறியிருக்கமாட்டார். மொழிச்சிக்கல் என்பது புலவர்களின் வயிற்றெரிச்சல் என்று பேசுவார்க்கு இந்நிகழ்ச்சி எந்தக் கணக்கில் வரும்?

2021 மே 8 முதல் தமிழ்நாட்டு அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை என்பதைப் படிப்போர் அறிவர். 'விடியல் பயணம்' என்று அதற்குப் பெயரும் வைத்தனர், நல்ல பெயர். கூலிக்கு நெய்யும் பெண்ணுக்கும், ஆலையில் நெல் காயவைக்கும் பெண்ணுக்கும் திங்கள்தோறும் அதனால் மிஞ்சும் தொகை சிறிதன்று. ஆனால் அத்திட்டத்தின் உயிர் ஒரு வேறுபாட்டில் உள்ளது. நகரப் பேருந்து வேறு, புறநகர்ப் பேருந்து வேறு, விரைவுப் பேருந்து வேறு. முன்னதில் மகளிர் சும்மா போகலாம், பின்னவற்றில் போகமுடியாது. மூன்றும் ஒரே சாலையில் ஓடுகின்றன. மூன்றும் ஒரே ஊர்ப்பெயரைக் காட்டுகின்றன. வேறுபாட்டைச் சொல்லவேண்டிய எழுத்து, அவ்வேறுபாடு யாருக்கு வேண்டுமோ அவருக்குப் புரியாத மொழியில் இருக்கிறது. சென்னையில் 2022இல் சில வண்டிகளின் முகத்துக்கு இளஞ்சிவப்புப் பூசி அடையாளங் காட்டினர். எழுத்தறிவு மிகுந்த மாநிலம் என்று பீற்றிக்கொள்ளும் நாம், எழுத்தைக் கைவிட்டு வண்ணத்திற்குப் போனோம்! மாலை இருட்டில் வண்ணமும் தெரியாது.

'மொபசல்' என்ற சொல்லைப் பாருங்கள். பேருந்துத் தொழிலில் இன்றும் அதனை விடமாட்டார். அரபியிற் பிறந்து, பாரசீகத்தில் வளர்ந்து, இந்துத்தானியில் தங்கி, ஆங்கிலேயன் அலுவலகக் கட்டில் ஏறி நம்மிடம் வந்து சேர்ந்த சொல் அது. தலைநகருக்கு வெளியே உள்ள நாட்டுப்புறம் என்பது பொருள். ஆளவந்தவன் தன் மேசையிலிருந்து பார்த்தபொழுது நாமெல்லாம் 'வெளியே' இருந்தோம். 2002இல் கோயம்பேட்டில் திறந்த பெருநிலையத்தின் ஆங்கிலப் பெயரிலும் அச்சொல்லே ஏறியது. தமிழில் புறநகர் என்று எழுதினர் என்பது ஓர் ஆறுதல்.

இனி, நாம் அடைந்த வெற்றியையும் சொல்லவேண்டும். நிறைகுறை இரண்டையும் கூறாதவன் ஆசிரியன் ஆகான். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சிக்கு இந்நூற்றாண்டில் காட்டத்தக்க சான்று ஏதெனின், 'பேருந்து' என்ற ஒரு சொல்லையே நான் காட்டுவேன். பாடநூலில் உண்டு, நாளிதழில் உண்டு, அரசாணையில் உண்டு, நிலையத்தின் முகப்பில் உண்டு. ஓட்டுநர், நடத்துநர், பணிமனை, நிறுத்தம், வழித்தடம், முனையம் என்று ஒரு குடும்பமே அதனைச் சூழ்ந்து வாழ்கிறது. சிங்கப்பூர்த் தமிழரும் பேருந்து என்றே எழுதுகின்றனர். எள்ளி நகையாடியவரெல்லாம் ஓய்ந்துபோயினர்.

ஆனால் அது கையில் மட்டும் வாழ்கிறது, வாயில் வாழவில்லை. என் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர் அனைவரும் 'பேருந்து நிலையம்' என்று பிழையின்றி எழுதுவர். மணியடித்தவுடன் "பசு வந்துட்டுது டா" என்று கூவிக்கொண்டே ஓடுவர். (கிரந்தம் நீக்கி எழுதினால் பசுமாடு ஆகிவிடுகிறது, என் செய்வது!) ஒரு நாள் மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஐயா, நீங்க வீட்ல என்ன சொல்வீங்க?" வகுப்பு அமைதியாயிற்று. பொய் சொல்ல வாய் வரவில்லை. "வண்டி என்பேன்" என்றேன். உண்மையும் அதுவே. முப்பதாண்டுகளாகப் பேருந்து என்று எழுதியும் கற்பித்தும் வரும் நான், என் மனையாளிடம் "ஆறு மணி வண்டிக்கு நேரமாகிவிட்டது" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து இதனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சற்றே நோக்குவோம். 1820களில் பிரெஞ்சு நாட்டு நாந்து நகரில், கூலி கொடுத்தால் யாரும் ஏறலாம் என்று ஒரு குதிரைவண்டி ஓடத் தொடங்கியது. 1828இல் பாரிசிலும் 1829இல் இலண்டனிலும் அது பரவியது. அதற்கு 'ஆம்னிபசு' என்று பெயர். இலத்தீனில் 'எல்லார்க்கும்' என்பது பொருள். நாளடைவில் ஆங்கிலேயர் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். அவ்வால் எது? நான்காம் வேற்றுமையின் பன்மையுருபு. அதாவது, 'எல்லார்க்கும்' என்ற நம் சொல்லில் 'எல்லார்' என்பதை எறிந்துவிட்டுக் 'க்கும்' என்பதை வண்டிக்குப் பெயராக வைத்தது போன்றது. "க்கும் வந்துவிட்டது, க்குமில் ஏறு" என்று நாம் பேசினால் உலகம் நகைக்காதா? அந்தக் க்குமைத்தான் நாம் நாகரிகம் என்று நாவில் ஏந்தித் திரிகிறோம். இதில் ஆங்கிலேயனை நான் பழிக்கவில்லை. அவன் நீண்ட அயற்சொல்லைத் தன் வாய்க்கு ஏற்பக் குறுக்கிக்கொண்டான். குறுக்கிய பின்னரே அது மக்கட்சொல் ஆயிற்று.

இன்னொரு நாடு ஐசுலாந்து. மக்கள்தொகை நான்கு இலக்கத்தை ஒட்டியதே. நம் மாவட்டத்தில் ஒரு மூலை. அயற்சொல் புகாமல் தம் மொழியைக் காப்பதில் அவர்களை விஞ்சியவர் அரியர். பேருந்துக்கு அவர்கள் தம் பழஞ்சொற்களைக் கூட்டித் 'தெருவண்டி' என்ற பொருளில் ஒரு சொல் படைத்தனர். அச்சொல் நீளமாக இருந்தது. மக்கள் அதனை வெட்டிச் சுருக்கிச் செல்லப்பெயர் ஆக்கிக்கொண்டனர். இன்று அந்நாட்டுத் தலைநகரின் பேருந்துக் கழகமே அச்செல்லப்பெயரைத் தன் பெயராகத் தாங்கி நிற்கிறது. புலவர் படைத்ததை மக்கள் கடித்துத் துப்பவில்லை, கடித்துத் தின்றனர்.

நம் நாட்டில் அது நிகழவில்லை. ஏன்? மக்கள் மீது குற்றம் சுமத்துவது எளிது. யான் நம்மவர் மீதே சுமத்துவேன். பேருந்து என்று எழுதியதோடு நம் கடன் முடிந்தது என்று இருந்துவிட்டோம். பேரூந்து என்று நெடிலாக எழுதியவனைத் திருத்துவதில் காட்டிய ஊக்கத்தை, அச்சொல் நடத்துநர் வாயில் ஏறுகிறதா என்று கவனிப்பதில் காட்டவில்லை. பெருமை, உந்து என்ற இரண்டும் புணர்ந்து பேருந்தாயிற்று என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். மாணவன் மதிப்பெண் வாங்கினான். அவ்வளவே.

இன்னும் ஒன்று. 'வண்டி' என்ற சொல் மக்கள் வாயில் இருந்தபொழுது அதன் அருமையை நாம் மதிக்கவில்லை. "முதல் வண்டி", "கடைசி வண்டி", "வேலூர் வண்டி", "பள்ளிக்கூட வண்டி" என்று இவ்வட்டாரத்தில் பேசாதார் இல்லை. வளைவைக் குறிக்கும் வள் என்னும் வேரினின்று பிறந்தது அச்சொல் என்பர் சொல்லாய்வார். சக்கரம் உருளும் எதற்கும் பொருந்தும், இரண்டசை, வேற்றுமை ஏற்பதும் எளிது. பொதுமைப்பட்ட சொல்லாயிற்றே, சரக்குந்தும் வண்டிதானே, மிதிவண்டியும் வண்டிதானே என்று நண்பர் ஒருவர் என்னோடு வழக்காடினார். அற்றேல், "வேலூர் வண்டி வந்துவிட்டதா?" என்று நிலையத்தில் கேட்பவனுக்கு யாரேனும் மிதிவண்டியைக் காட்டியதுண்டா? எழுத்திற்குப் பேருந்து, பேச்சிற்கு வண்டி என்று இரண்டையும் ஒருங்கே நாம் போற்றியிருந்தால் அயற்சொல்லுக்கு இடமே இருந்திராது. பேச்சுவழக்கைக் கொச்சை என்று ஒதுக்கியது நம் பிழை. கொச்சை வேறு, வழக்கு வேறு.

பேருந்துத் தொழிலாளரிடமே நல்ல சொற்கள் உள்ளன. ஒரு வண்டி நாளொன்றுக்கு இத்தனை முறை சென்று வருகிறது என்பதனை 'நடை' என்பர். திருவிழாவிற்குக் கூடுதல் நடை. மழையால் இரண்டு நடை குறைந்தது. எவ்வளவு அழகிய ஆட்சி! காலால் நடந்த காலத்துச் சொல்லைச் சக்கரத்திற்குத் தூக்கி வைத்துள்ளனர். இதனை எந்தக் குழுவும் அமர்ந்து படைக்கவில்லை. நெசவாளர் வழக்கும் இத்தகையதே. பாவு, ஊடை, அச்சு, தறி, கரை, முந்தி, கோர்வை என்று ஆரணித் தறிக்குழியில் புழங்கும் சொற்களுக்கு எந்த அகரமுதலியின் துணையும் வேண்டியதில்லை. கையும் வாயும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் தமிழ் சாவதில்லை. பாவாணர் தலைமையில் 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கியபொழுது தமிழுலகம் மகிழ்ந்தது. அப்பெரும்பணிக்கு நம்மாலான துணை, நம் ஊர்த் தொழில்களில் வழங்கும் சொற்களைத் திரட்டுவது. நான் அறிந்தவரை நம் வட்டாரத்துத் தமிழாசிரியர் பலர் தறிக்குழியில் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. நானும் ஐம்பதுக்குப் பின்னரே பார்த்தேன்.

பேருந்துகளின் பெயர்க் கதையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1972இல் பேருந்துகள் நாட்டுடைமையானபொழுது பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்களுக்குப் பெயர் வைத்தனர். பல்லவன் தமிழனா என்று அப்பொழுதே கேட்டவர் உண்டு. அது வேறு வழக்கு. பின்னர் வேலூரைத் தலையிடமாகக் கொண்ட கழகம் பட்டுக்கோட்டை அழகிரி பெயரைத் தாங்கியது. 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னை வரை ஊரூராக நடந்து சென்ற தமிழர் படையை நடத்தியவருள் அவர் ஒருவர். காலால் நடந்தவரின் பெயர் உந்தின் மேல் ஓடியது. இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் "அழகிரி யாரு சார்?" என்று கேட்டு, அதன் வழியே மொழிப்போரை அறிந்தனர் என்பதை என் தலைமுறை ஆசிரியர் நன்கறிவர். நம் மாவட்டமும் 1989இல் பிரிந்தபொழுது திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றே பெயர் பெற்றது. சம்புவராயரின் தலைநகரான படைவீடு இங்கிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில்தான் உள்ளது.

1997இல் எல்லாம் போயிற்று. தென்மாவட்டத்தில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் அமைந்தபொழுது, ஒடுக்கப்பட்ட மக்களின் மறவன் பெயர் எழுதிய வண்டியில் நாங்கள் ஏறமாட்டோம் என்று சாதிவெறி தலைதூக்கியது. குருதி சிந்தியது. அரசு என்ன செய்தது? வெறியரைத் திருத்தமாட்டாமல் பெயர்கள் அனைத்தையும் அழித்தது. கழகங்களின் பெயரும் மாவட்டங்களின் பெயரும் ஒரே வீச்சில் வீழ்ந்தன. இன்று ஆரணிப் பணிமனை வண்டியின் பக்கத்தில் இருப்பது அரசுப் போக்குவரத்துக் கழகம், விழுப்புரம் என்பதே. பேச்சிலோ ஐந்து ஆங்கில எழுத்துகள். சேரனும் சோழனும் அழகிரியும் ஆங்கிலத்தால் வீழவில்லை, இந்தியால் வீழவில்லை. தமிழன் தமிழனை இழிந்தோன் என்றதால் வீழ்ந்தனர். தமிழ்த்தேசம் பேசும் நம் மேடைகளில் இதனைப் போதிய அளவு சொல்வதில்லை. சொன்னால் கூட்டத்தில் பாதி எழுந்துபோய்விடும் என்ற அச்சமோ, அறியேன்.

இப்பொழுதும் அரசின் எழுத்தில் தளர்ச்சி தெரிகிறது. சிற்றுந்து என்று அழகாக வழங்கி வந்தோம். 2025இல் புதிய திட்டம் தொடங்கியபொழுது அரசுச் செய்திகளிலேயே 'மினி பேருந்து' என்று வந்தது. தலை ஆங்கிலம், உடல் தமிழ். சிறியது என்பதற்குமா சொல் வறுமை? 2020 சூனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவைத் தமிழ் ஒலிப்பிற்கு ஏற்பத் திருத்தி ஆணை வெளியிட்டனர். சில நாள்களிலேயே திரும்பப் பெற்றனர். எழுத்துக்கூட்டலில் குறைகள் இருந்தன என்பது மெய். குறையைத் திருத்துவதை விட்டு ஆணையையே சுருட்டிவைத்தால், களம்பூர் நிலையத்துப் பலகையில் நம் ஊர் இன்னும் 'ஆர்னி' என்று படிக்கும்படியாகவே ஆங்கிலத்தில் நிற்கும். அயலூரிலிருந்து வரும் இளைஞர் அதனைப் பார்த்து அவ்வாறே ஒலிக்கக் கேட்டிருக்கிறேன். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஊரைக் கடல் கடந்த நோயின் பெயர்போல் ஒலிக்கின்றனர்!

ஆதலின் நாம் செய்யத்தக்கது இரண்டொன்று உண்டு. எல்லா ஆங்கிலப் பலகையையும் கரி பூசி அழிப்போம் என்று நான் கூறேன். ஆங்கிலம் படித்த வெளியூரார்க்கும் வழி தெரியவேண்டும். கீழே சிறிதாக இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்பது, நகரப் பேருந்து, புறநகர்ப் பேருந்து, விரைவுப் பேருந்து என்ற சொல், ஊர்ப்பெயர் அளவே பெரிய தமிழ் எழுத்தில் முகப்பிலும் ஏறும் படியின் பக்கத்திலும் இருக்கவேண்டும் என்பது. நகரப் பேருந்தாயின் 'மகளிர்க்குக் கட்டணம் இல்லை' என்பதும் உடனிருக்கட்டும். தனியார் வண்டிக்கும் இது பொருந்தும். வழித்தட உரிமம் அளிக்கும்பொழுதே வட்டாரப் போக்குவரத்து அலுவலர் இதனைக் கட்டளையாக வைக்கலாம். புதிதாகச் சட்டம் வேண்டா. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இருக்கிறது. செலவும் பெரிதன்று, ஒரு வண்டிக்கு ஒரு தாள் ஒட்டும் செலவு.

களம்பூர் நிலையத்திற்குக் களம்பூர் என்றே பெயர் வைக்குமாறு தொடர்வண்டித் துறைக்கு எழுதவேண்டும். ஆரணியார் இதற்கு முகஞ்சுளிக்கக் கூடும். நம் ஊர்ப்பெயர் போய்விடுமே என்பர். ஊருக்கு வராத வண்டியில் ஊர்ப்பெயர் இருந்து ஆவதென்ன? ஆரணிக்குப் பாதை வரும் நாளில் ஆரணி என்று வைத்துக்கொள்வோம்.

விழுப்புரம் கழகத்திற்கு எழுதவேண்டிய மடலை என் மாணவரைக் கொண்டே எழுதுவித்துள்ளேன். நாற்பத்தொரு பேர் கையெழுத்திட்டனர். நடத்துநர் ஒருவரிடம் காட்டினேன். படித்துவிட்டு அவரும் கையெழுத்திட்டார். "விரைவுன்னு பெருசாப் போட்டுட்டா எங்களுக்கும் வாய்ச்சண்டை மிச்சம் சார்" என்றார். படிப்போர் தத்தம் ஊர் நிலையத்தில் ஒரு மாலை நின்று, எந்தெந்த வண்டியில் வகைப்பெயர் தமிழில் இல்லை என்று வழித்தடத்தோடு குறித்து, அஞ்சலட்டையில் அக்கழகத்திற்கே விடுப்பீர்களாக. தமிழில் எழுதுக. முகவரியையும் தமிழிலேயே எழுதுக. அஞ்சற்காரர் நன்றாகப் படிப்பார்.